பருவம் அறிந்து படகேறுதல்: வங்கக் கடலோரத்தில் திமிங்கிலம் காணும் வழக்கின் வரலாறு

பருவத்தோடு இடம்பெயர்ந்து பருவத்தோடு மீளும் உயிர்களின் நெடும்பயணத்தை 'வலசை' என்னும் சொல் குறிக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் காலத்தில் பாகூர் ஏரியிலும் ஊசுட்டேரியிலும் வந்திறங்கும் நீர்ப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய கரிக்கலாம்பாக்கம் போன்ற புதுச்சேரி நாட்டுப்புற ஊர்களுக்கு அச்சொல்லின் பொருளைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பறவைகள் வரும் அதே மாதங்களில், இன்று உலகில் வாழும் விலங்குகளிலேயே மிகப் பெரியதான நீலத் திமிங்கிலமும் அரபிக் கடலிலிருந்து வங்கக் கடலை நோக்கி வலசை போகிறது என்பதும், புதுச்சேரிக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே உள்ள திருகோணமலைக் கடலில் அது கரைக்கு மிக அருகே வருகிறது என்பதும் அண்மைக் காலத்தில்தான் அறிவுலகுக்குத் தெளிவாயின. அந்த வலசையைக் காணப் படகேறிச் செல்லும் வழக்கம் அதனினும் இளையது.

வழக்கம் இளையதாயினும் அதற்கு அடிப்படையான அறிவு பழையது. எந்தக் காற்று அடிக்கும்போது எந்தக் கரையிலிருந்து புறப்படுவது, எவருடைய படகை நம்பி ஏறுவது என்னும் கேள்விகளைப் பாய்மரக் காலத்து வணிகரும் கட்டுமரக் காலத்து மீனவரும் உயிர் பிழைக்கும் பொருட்டுக் கேட்டனர்; இன்று திமிங்கிலம் காணச் செல்பவர் அதே கேள்விகளைக் கேட்க வேண்டியவராகிறார். வேறுபாடு ஒன்றுண்டு. முன்னோரின் தெரிவு அவர்கள் உயிரை மட்டும் காத்தது; இன்றைய பயணியின் தெரிவு, காணப்படும் உயிரின் வாழ்வையும் தொடுகிறது. இவ்வழக்கின் வரலாற்றை அறிவதன் பயன் அதுவே.

பெயர்களில் தங்கிய கடல்

நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பாக்கம், பட்டினம் என்னும் பெயர்கள் உரியவை என்பது பழைய திணை மரபு. பாக்கம் என்னும் ஈறு பின்னாளில் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவிவிட்டதால், கரிக்கலாம்பாக்கத்தின் பெயரைக் கொண்டு அதைக் கடற்கரை ஊர் என்று கொள்ள முடியாது. அது வயல் சூழ்ந்த ஊர். எனினும் மிதிவண்டியில் ஒரு மணி நேரம் கிழக்கே சென்றால் கடலை அடைந்துவிடலாம். சங்கராபரணி ஆறு வில்லியனூரைக் கடந்து, அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு எனப் பிரிந்து கடலில் கலக்கும் அந்தப் பகுதியில்தான், கிறித்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடல் செலவு' என்னும் கிரேக்கக் கையேடு 'பொதுகே' என்று குறிப்பிடும் துறைமுகம் இருந்ததாக அறிஞர் கருதுகின்றனர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்குள்ள அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வு, அத்துறைக்கும் உரோமானிய உலகுக்கும் இருந்த வணிக உறவை உறுதி செய்தது. தென்மேற்குக் காற்றில் வந்து வடகிழக்குக் காற்றில் திரும்பிய அந்த வணிகக் கலங்கள் எந்தப் பருவச் சுழற்சியை நம்பினவோ, அதே சுழற்சியைத்தான் திமிங்கிலங்களும் பின்பற்றுகின்றன.

இக்கடலின் பேருயிர்களைக் கண்டு திகைத்தவர்களைப் பற்றிய பழங்குறிப்புகளில் ஒன்று கி.மு. 325ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சிந்து ஆற்று முகத்திலிருந்து பாரசீக வளைகுடாவை நோக்கிச் சென்றபோது, கடலிலிருந்து நீர் பீறிட்டு எழுவதைக் கண்டு துடுப்புக்காரர்கள் அஞ்சி நின்றதாகவும், எக்காளம் ஊதியும் ஆரவாரித்தும் கலங்களைத் திமிங்கிலங்களை நோக்கிச் செலுத்த, அவை ஆழத்தில் மூழ்கியதாகவும் கிரேக்க ஆசிரியர்கள் எழுதினர். பேருயிரைப் பேரொலியால் விரட்டுவதே அன்றைய முறை.

தமிழ்மரபில் திமிங்கிலம் கண்ணால் கண்ட உயிர் என்பதைவிடச் சொல்லால் அறிந்த உயிராகவே மிகுதியும் இருந்தது. திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம் என்றும், அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்றும் வடமொழி வழியே வந்த சொல்வரிசை, கடலின் ஆழத்தைப் போலவே அளவுக்கு முடிவில்லை என்னும் வியப்பைக் காட்டுகிறது. பேச்சுவழக்கில் அச்சொல் திமிங்கலம் ஆயிற்று. கரையோர மக்களுக்கு நன்கு பழகிய கடற்பாலூட்டிகளுக்கோ தனிப்பெயர்கள் இருந்தன: கூட்டமாகத் துள்ளி ஓடும் டால்பினை ஓங்கல் என்றும், கடற்புல் மேயும் கடற்பசுவை ஆவுளியா என்றும் மீனவர் அழைத்தனர். பட்டினப்பாலை பாடிய காலத்துப் பரதவர், சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டனர் என்னும் செய்தி, பெரிய கடலுயிரிடம் அச்சமும் பற்றும் ஒருங்கே கொண்ட மனநிலைக்குச் சான்று.

கண்ணுக்கு அரிதான திமிங்கிலம் தமிழ்க் கடைத்தெருவில் மட்டும் வேறொரு வடிவில் நன்கு அறியப்பட்டிருந்தது. கடலில் கிடைக்கும் ஐம்பொருள்களைச் சங்கு, பவளம், முத்து, உப்பு, ஓர்க்கோலை என்று மரபு எண்ணியது; இவற்றுள் ஓர்க்கோலை என்பதற்கு அம்பர் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில், அது உண்ணும் கணவாயின் செரிக்காத அலகுகளைச் சுற்றி உருவாகி, வெளியேறிக் கடலில் மிதந்து, வெயிலாலும் உப்புநீராலும் பதப்பட்டுக் கரை ஒதுங்கும் மெழுகு போன்ற நறுமணப் பொருளே அம்பர். அத்தரிலும் மருந்திலும் அது சேர்ந்தது. அதை ஈன்ற உயிரை எவரும் காணாமலேயே அதன் விலையை எல்லாரும் அறிந்திருந்தனர். இன்று இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திமிங்கிலம் காக்கப்பட்ட உயிர் ஆதலின், அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

எண்ணெய்க்காக நடந்த வேட்டை

இந்தியப் பெருங்கடலில் திமிங்கிலத்தைத் தேடிப் பருவம் பார்த்துக் கப்பலேறியவர்களில் முதல் பெருங்கூட்டம் அதைக் கொல்லவே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துத் துறைகளிலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பல்கள், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பெருந்தலைக்குள் இருக்கும் மெழுகெண்ணெயை விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் எடுப்பதற்காக, இலங்கையைச் சூழ்ந்த கடல் வரை வந்தன. அக்கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைத் திரட்டி, எந்த மாதத்தில் எந்த இடத்தில் திமிங்கிலம் பிடிபட்டது என்று சார்லஸ் டவுன்சென்ட் 1935இல் வெளியிட்ட கடல்வரைபடங்களில் இலங்கைக் கடலும் புள்ளிகளால் குறிக்கப்பட்டுள்ளது. கொன்ற இடத்தைக் குறித்த அப்புள்ளிகளே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் உயிரோடு காண விரும்பிய ஆய்வாளர்களுக்கு வழிகாட்டின.

பாய்மரக் கப்பல்களுக்கு நீலத் திமிங்கிலம் எட்டாததாக இருந்தது. அது விரைந்து நீந்தும், செத்தால் மூழ்கிவிடும். நார்வே நாட்டவரான ஸ்வெண்ட் போய்ன் 1860களில் வெடிகுண்டுள்ள எறியீட்டியையும் அதை எய்யும் பீரங்கியையும் நீராவிக் கப்பலோடு இணைத்தபோது அந்தப் பாதுகாப்பு அற்றுப்போயிற்று. வேட்டை நாடுகள் 1946இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் பிறந்தது. ஆயினும் அதன் விதிகளுக்கு மறைவாகவும் கொலை தொடர்ந்தது. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றதும், 1966 நவம்பரில் அரபிக் கடலில் 238 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றதும், சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகே உண்மையான பதிவேடுகள் வழியே வெளிப்பட்டன. வலசை போகாமல் அரபிக் கடலிலேயே வாழும் அந்தக் கூனல் திமிங்கிலக் குலம் இன்றும் மீளவில்லை. சில வாரங்களில் ஒரு கடலின் குலத்தையே குலைக்க முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை.

வேட்டையின் முடிவு இந்தக் கடலில்தான் முதலில் தொடங்கியது என்பது நினைவில் நிற்க வேண்டிய செய்தி. சீஷெல்ஸ் என்னும் சிறு தீவுநாடு முன்மொழிய, 1979இல் ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலப் புகலிடமாக அறிவித்தது. தெற்கு அட்சரேகை 55 பாகை வரை பரந்த அக்கடற்பரப்பில் வணிக வேட்டை தடை செய்யப்பட்டது. 1982இல் உலகம் முழுவதற்கும் வணிக வேட்டைக்கு இடைநிறுத்தம் தீர்மானிக்கப்பட்டு, 1985–86 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது.

காண்பதற்காகப் படகேறியவர்கள்

திமிங்கிலத்தைக் காண்பதற்கென்றே மக்கள் கூடும் வழக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையில் உருவானது. சான் டியேகோ நகரத்தின் கப்ரில்யோ முனையில் 1950இல் சாம்பல் திமிங்கிலங்களின் வலசையைக் காண ஒரு பார்வையிடம் திறக்கப்பட்டது. 1955இல் அதே நகரத்து மீனவர் ஒருவர் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு படகில் அழைத்துச் செல்லத் தொடங்கினார். அன்று தொடங்கியது, 2008ஆம் ஆண்டுக் கணக்குப்படி 119 நாடுகளில் ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் பேர் ஈடுபடும் தொழிலாக வளர்ந்தது. செத்த திமிங்கிலத்தை ஒருமுறைதான் விற்கலாம், உயிருள்ள திமிங்கிலத்தை ஆண்டுதோறும் காட்டலாம் என்னும் வாதம் வேட்டை எதிர்ப்புக்குப் பொருளியல் வலிமை தந்தது. எனினும் அந்த வாதத்துக்குள்ளேயே ஒரு அபாயமும் உறைந்திருந்ததைப் பின்வந்த வரலாறு காட்டியது.

திருகோணமலை: தொடக்கமும் இடைமுறிவும்

தமிழர் வாழும் கரைகளில் இவ்வழக்குக்கு மூல இடம் திருகோணமலை. புதுச்சேரிக் கரையில் கடலடி மெல்லச் சரிகிறது. நிலத்தின் தொடர்ச்சியாக நீருக்குள் பரந்து கிடக்கும் ஆழம் குறைந்த இப்பரப்பைக் கண்டத்திட்டு என்பர். அதைத் தாண்டினால்தான் திமிங்கிலம் உலவும் ஆழ்கடல். திருகோணமலையிலோ துறைமுக வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று பெருமலைச் சரிவைப் போல ஆழ்ந்து செல்வதால், ஆழ்கடல் கரையைத் தேடி வருகிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் செங்குத்துப் பாறையிலிருந்து பார்த்தாலே திமிங்கிலத்தின் மூச்சு தெரியும் நாள்கள் உண்டு. இயற்கையின் இந்த அமைப்புதான் அத்துறையைப் போர்க்கப்பல்களுக்கும் விரும்பத்தக்கதாக்கியது: 1782இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பிடித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து அதைக் கைப்பற்றியதும் புதுச்சேரியின் வரலாற்றோடு பிணைந்த நிகழ்ச்சிகள்.

புகலிடம் அறிவிக்கப்பட்டதும், அதில் உண்மையில் என்ன வாழ்கிறது என்று அறியும் தேவை எழுந்தது. உலக வனவிலங்கு நிதியத்தின் உதவியோடு 'டூலிப்' என்னும் பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட், ஜொனாதன் கார்டன் முதலிய இளம் ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இலங்கைக் கடலுக்கு வந்தனர். அவர்களுடைய முறை எளியது, ஆனால் முன்னில்லாதது. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆழத்தில் இரை தேடும்போது எழுப்பும் சொடுக்கொலிகளைக் கேட்டு, இரவும் பகலும் ஒரே கூட்டத்தைப் பின்தொடர்ந்தனர். ஒவ்வொரு திமிங்கிலமும் மூழ்குமுன் உயர்த்தும் வால்துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து, மனிதரைக் கைரேகையால் அறிவதுபோல் அவற்றைத் தனித்தனியே அடையாளம் கண்டனர். கொல்லாமல் அறியலாம் என்பதை நிறுவிய பணிகளுள் இது முன்வரிசையில் வைக்கத்தக்கது. திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் கரையருகே இரை மேய்வதையும் அபிகெயில் ஆலிங் உள்ளிட்ட அக்குழுவினர் பதிவு செய்தனர்.

இந்த ஆய்வின் நிழலில் 1980களின் தொடக்கத்தில் திருகோணமலையில் திமிங்கிலம் காட்டும் பயணங்கள் அரும்பின. 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறையும் அதைத் தொடர்ந்த போரும் அந்த அரும்பைக் கருக்கின. கால் நூற்றாண்டுக்கு மேல் கிழக்குக் கடல் கடற்படையும் கடற்புலிகளும் மோதும் களமாக இருந்தது. மீன்பிடிக்கவே நேரமும் எல்லையும் வகுக்கப்பட்ட கரையில் காட்சிப் பயணம் நினைக்க முடியாததாயிற்று. திமிங்கிலங்கள் ஆண்டுதோறும் வந்தன. காண்பதற்கு மட்டும் எவரும் இல்லை.

வலசையின் வழி தெரிந்த கதை

இலங்கைக்கு வரும் நீலத் திமிங்கிலங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. உலகின் பிற பகுதிகளில் அவை கோடையில் துருவக் குளிர்க்கடலில் உண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடலில் ஈனும் இயல்புடையவை. இந்தியப் பெருங்கடலின் வடபகுதியையோ ஆசியப் பெருநிலம் அடைத்திருக்கிறது. வடக்கே போக வழியில்லை. கல்கத்தா அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1859இலேயே இக்கடலின் பெருந்திமிங்கிலத்துக்கு 'இண்டிகா' என்று தனிப்பெயர் இட்டிருந்தார். அவை தனிக்குலம் என்னும் அக்கருத்துக்குப் பின்னாளைய ஆய்வுகள் வலுவூட்டின.

மாலத்தீவில் வாழ்ந்து ஆராய்ந்த சார்லஸ் ஆண்டர்சன், கண்ட இடங்களையும் கரை ஒதுங்கிய உடல்களையும் பழைய வேட்டைப் பதிவுகளையும் மாதவாரியாக அடுக்கிப் பார்த்து, விளக்கம் ஒன்றை முன்வைத்தார். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்நீரைத் தள்ளும்போது ஆழத்துக் குளிர்நீர் சத்துப்பொருளோடு மேலெழுகிறது. அந்த மேலெழு நீரால் பெருகும் நுண்ணிறால்களை மேய்ந்து திமிங்கிலங்கள் கொழுக்கின்றன. காற்று ஓய்ந்து அவ்வளம் குன்றும்போது, டிசம்பர், ஜனவரி வாக்கில் அவை மாலத்தீவையும் இலங்கையின் தென்முனையையும் கடந்து கிழக்கே வந்து, ஏப்ரல், மே வாக்கில் அதே வழியே மேற்கே திரும்புகின்றன. மற்றொரு பகுதி ஆண்டு முழுவதும் இலங்கையை அண்டியே வாழ்கிறது. இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ், துருவத்துக்குச் செல்லாத இத்திமிங்கிலங்களின் வழக்கமீறிய வாழ்வை உலகுக்கு எடுத்துரைத்து, அவை பெரிதும் உண்பது குளிர்க்கடலின் கிரில் அன்று, வெப்பக்கடலின் சிற்றிறால் என்றும் காட்டினார்.

இந்த விளக்கத்தைக் கேட்கும் தமிழ் வாசகருக்கு அது முற்றிலும் புதிதாக ஒலிக்காது. மேற்கிலிருந்து வீசும் கச்சான், தென்மேற்கின் சோழகம், கிழக்கின் கொண்டல், வடக்கின் வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு, அப்பெயரால் கடலின் குணத்தையும் மீனின் வரவையும் அறிந்தவர்கள் இக்கரையினர். பொதுகே துறைக்கு வந்த கலங்களை நடத்திய காற்றே நீலத் திமிங்கிலத்தையும் நடத்துகிறது என்பது அறிவியல் அம்மரபுக்குச் சேர்த்த புதிய பக்கம்.

மிரிசையின் எழுச்சி

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் தென்கரையைச் சிதைத்தபின், பிழைப்புக்கு மாற்றுவழி தேடிய காலத்தில், மாத்தறைக்கு அருகே மிரிசை என்னும் சிறு மீன்பிடித் துறையிலிருந்து திமிங்கிலம் காட்டும் பயணங்கள் தொடங்கின. அங்கிருந்து சற்றுக் கிழக்கே உள்ள தெய்வேந்திரமுனையில் கண்டத்திட்டு மிகக் குறுகியது. பண்டு தென்னாவரம் என்று தமிழர் வழங்கிய பெருங்கோயில் நின்று, 1588இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்ட அந்த முனை, கடலோடிகளுக்கு நெடுங்காலம் அடையாளமாக இருந்தது. 2008 முதல் இயற்கை எழுத்தாளர் கெஹான் டி சில்வா விஜேரத்ன, நீலத் திமிங்கிலத்தைக் காண உலகிலேயே சிறந்த இடங்களுள் இது ஒன்று என்று எழுதிப் பரப்பினார். 2009 மே மாதம் போர் முடிந்ததும் பயணிகள் பெருகினர். சில ஆண்டுகளில் மிரிசைத் துறை அடுக்குப் படகுகளால் நிறைந்தது. மேற்குக் கரையில் கற்பிட்டியும், கிழக்கில் திருகோணமலையை ஒட்டிய நிலாவெளி, உப்புவெளிக் கரைகளும் அடுத்தடுத்துத் தொழிலில் இறங்கின.

மூன்று கரைகளுக்கும் மூன்று பருவங்கள் அமைந்தன. தென்கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கற்பிட்டிக்கும் ஏறத்தாழ அதே காலம், அங்கே ஸ்பெர்ம் திமிங்கிலக் கூட்டங்கள் சிறப்பு. திருகோணமலைக்கு மார்ச் முதல் ஆகஸ்டு வரை. இதில் நுணுகி அறிய வேண்டியது ஒன்றுண்டு. இப்பருவங்கள் திமிங்கிலத்தின் வரவால் மட்டும் அமைந்தவை அல்ல. கடலின் அமைதியாலும் அமைந்தவை. சோழகம் வீசும் மாதங்களில் தென்கடலும் மேற்குக் கடலும் கொந்தளிக்க, கிழக்குக் கடல் குளம்போல் கிடக்கும். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் பொங்க, தென்கடல் அடங்கும். ஆகவே மே மாதத்தில் தென்கரைக்கும் டிசம்பரில் திருகோணமலைக்கும் பயணம் வகுப்பவர்க்கு, திமிங்கிலம் அங்கே இருந்தும் காணாமல் திரும்ப நேரும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் மீண்டும் கப்பல் ஓடத் தொடங்கியபின், புதுச்சேரி வட்டாரத்தார்க்குக் கிழக்குக் கரைப் பருவம் மேலும் நெருங்கியதாயிற்று.

மூச்சைக் கொண்டு அறிதல்

இப்பயணத்தின் மையத்தில் இருப்பது ஒரு மூச்சு. விடியற்காலையில், வெயில் ஏறி நீரின் மேல் கண்கூசும் ஒளி பரவுமுன், படகுகள் புறப்படுகின்றன. படகின் மேல்தட்டில் நிற்கும் மீனவர் கண்டு சொல்வது பெரும்பாலும் திமிங்கிலத்தின் உடலை அன்று, தொலைவில் ஒரு கணம் எழுந்து மறையும் வெண்புகையையே. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர் உயரம் வரை, நெட்டையான தூணாக நேரே எழும். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக இருப்பதால், அதன் மூச்சு குட்டையாக, முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து எழும். அனுபவமுள்ள கண் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே இந்தச் சாய்வைக் கொண்டு எது எது என்று சொல்லிவிடும்.

நீலத் திமிங்கிலம் சில முறை மூச்சுவிட்டு, முதுகை ஒவ்வொரு முறையும் சற்றே உயர்த்திக் காட்டி, இறுதியில் முதுகை வளைத்து ஆழத்துக்குச் செல்லும். மூழ்கிய இடத்தில், வால்துடுப்பு தள்ளிய நீரால், அலை நடுவே எண்ணெய் ஊற்றியது போன்ற வழவழப்பான வட்டம் ஒன்று சிறிது நேரம் நிற்கும். கடலோடிகள் அதைத் திமிங்கிலத்தின் காலடித்தடம் என்பர். பின்னர் ஏறத்தாழப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலமாயின் முக்கால் மணி நேரமும் ஆகலாம். நல்ல படகோட்டியை அறியும் இடம் இந்தக் காத்திருப்புதான். அவர் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, அது சென்ற திசையை நினைவில் கொண்டு, மீண்டும் எழும்போது பக்கவாட்டில் இணையாகச் செல்கிறார். அவசரப்படுபவரோ எழுந்த மூச்சை நோக்கி நேரே பாய்கிறார். திமிங்கிலம் மூச்சை முழுதும் எடுக்காமலே மூழ்குகிறது. பெருவாழ்வு வாழும் அவ்வுயிருக்கு நீர்மேல் இருக்கும் சில நிமிடங்களே காற்றுக்கு உரியவை. அதைக் குறைப்பது அதன் இரையையும் வலிமையையும் குறைப்பதாகும்.

விதிகளும் தெரிவும்

ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்தும் காட்சிகள் மிரிசையில் பெருகியதால், வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2012இல் இலங்கை அரசு கடற்பாலூட்டிகளைக் காண்பதற்கென ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்பது அதன் அடிப்படை. முன்னிருந்தோ பின்னிருந்தோ நேரே அணுகாமை, திடீரென விரைவை மாற்றாமை, தாயையும் கன்றையும் பிரிக்காமை ஆகியவை பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நெறிகள். விதி எழுதப்பட்டுவிட்டது, அதை நடுக்கடலில் நடைமுறைப்படுத்துவது பெரிதும் படகோட்டியின் மனத்தையும், அவருக்குக் கூலி தரும் பயணியின் மனத்தையும் பொறுத்தே உள்ளது. 'இன்னும் கிட்டப் போ' என்று பயணி கேட்கும் வரை, கிட்டப் போகும் படகுக்கே வாடிக்கை மிகும்.

ஆதலால் படகைத் தெரிவு செய்வது என்பது விலையையும் இருக்கையையும் ஒப்பிடுவதோடு முடிவதில்லை. பதிவு பெற்ற படகா, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி உண்டா, கரையுடன் பேச வானொலிக் கருவி உண்டா என்பன பயணியின் உயிருக்கான கேள்விகள். எத்தனை மீட்டரில் நிறுத்துவார்கள், பிற படகுகள் முன்பே சூழ்ந்திருந்தால் விலகிச் செல்வார்களா, கட்டாயம் காட்டுவோம் என்று உறுதி தருகிறார்களா என்பன திமிங்கிலத்துக்கான கேள்விகள். இவற்றுள் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று விடை சொல்பவரே நம்பத்தக்கவர். காட்டில் வாழும் உயிரைப் போலவே கடலில் வாழும் உயிரையும் எவராலும் வாக்களிக்க முடியாது. பெரிய அடுக்குப் படகில் உயரத்திலிருந்து தொலைவு தெரியும், ஆட்டமும் குறைவு. கற்பிட்டியிலும் திருகோணமலையிலும் செல்லும் ஃபைபர் படகில் கடல் நெருக்கமாகும், ஆட்களும் சிலரே, ஆனால் வெயிலும் தெறிநீரும் முழுதும் மேலே விழும். எதைத் தேர்ந்தாலும் தூரம் காக்கும் படகைத் தேர்வதே முதல் தெரிவு.

படகுகளினும் பெரிய அபாயம் அதே கடலில் ஓடுகிறது. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பல்வழி உலகின் மிக நெரிசலான வழிகளுள் ஒன்று. திமிங்கிலங்கள் இரை மேயும் இடத்தின் ஊடாகவே அது செல்கிறது. 2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துள் நுழைந்த சரக்குக் கப்பல் ஒன்றின் முகப்பில் மோதுண்ட நீலத் திமிங்கிலத்தின் உடல் குறுக்கே தொங்கியது. கப்பலில் இருந்தவர் மோதியதை அறிந்திருக்கவும் இல்லை. வழியைச் சற்றுத் தெற்கே மாற்றினால் இத்தகைய சாவுகள் பெரிதும் குறையும் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினர். 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெரும் கப்பல் நிறுவனம் தன் கலங்களைத் தானாகவே மேலும் தெற்கே செலுத்த முன்வந்தது. கண்டவர்கள் பேசியதால் விளைந்த நன்மை இது. எவரும் காணாத உயிருக்காக எவரும் வழி மாற்றுவதில்லை.

இந்தக் கரையின் பங்கு

தமிழ்நாட்டுக் கரையில் திமிங்கிலத்தோடு மக்களுக்கு நேர்ந்த சந்திப்புகள் பெரும்பாலும் துயரமானவை. 1973 ஜனவரியில் மணப்பாட்டுக் கரையில் 147 குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 43 ஆண்டுகளுக்குப் பின், 2016 ஜனவரியில், அதே கரையில் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கின. அப்போது அக்கரையோர மீனவர்கள் தம் படகுகளில் அவற்றைக் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டனர். கூட்டத்தைப் பிரிய மறுத்துச் சில மீண்டும் கரைக்கே வந்தன. ஏறத்தாழ 45 மடிந்தன, ஏனையவை கடலுக்குத் திரும்பின. கூலியின்றி, அழைப்பின்றி, மார்பளவு நீரில் நின்று அந்த உடல்களைத் தள்ளிய கைகள், சுறாக் கொம்பின் முன் வணங்கிய கைகளின் வழித்தோன்றல்கள் என்றால் மிகையாகாது.

புதுச்சேரிக் கடலில் நீலத் திமிங்கிலம் காட்டும் பயணம் உருவாக நிலவமைப்பு இடம்தராது. கண்டத்திட்டின் அகலமே அதற்குத் தடை. எனினும் இவ்வட்டாரம் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. ஏரிக்கரையில் நின்று, பறவை அஞ்சிப் பறக்காத தூரத்தில் கால்களை நிறுத்தப் பழகிய கண்களே கடலிலும் வேண்டப்படுபவை. கரிக்கலாம்பாக்கத்தின் பள்ளிப் பிள்ளைகள் பாகூர் ஏரியில் கற்கும் அந்தத் தூரம், ஒருநாள் அவர்கள் திருகோணமலைக் கடலில் படகேறும்போது நூறு மீட்டராக விரிகிறது. காற்றின் பெயரால் பருவத்தை அறிந்து, பருவத்தால் கரையைத் தேர்ந்து, பொறுமையால் படகைத் தேர்பவர் முன்னே அந்த நெட்டை மூச்சு எழுமாயின், அது நியார்க்கஸின் எக்காளத்துக்கு அஞ்சி மூழ்கிய உயிரின் மூச்சாக இல்லாமல், தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு கிழக்கே செல்லும் ஒரு வழிப்போக்கனின் மூச்சாக இருக்கட்டும்.